தொட்டிச் செடியும் தோழமையும்

(எம்.எஸ்ஸி. இரசாயனம், இரண்டாம் ஆண்டு மாணவி)

"காற்று கெட்டுவிட்டதா? கவலை வேண்டா; ஒரு செடி வாங்குங்கள்!"

டில்லியில் வந்து படிக்கும் தமிழ் மாணவர்களில் இவ்வாசகத்தைப் பார்க்காதவர் இரார். நடைபாதைச் செடிக் கடையில் அட்டையாகத் தொங்குகிறது. கைப்பேசியைத் திறந்தால் அங்கும் வந்து நிற்கிறது. மன அமைதி தரும் செடி, இரவிலும் பிராணவாயு தரும் செடி, படிக்கும் மேசைக்கு ஏற்ற செடி என்று வகைக்கொரு விலை. தீபாவளி கழிந்து புகை கவியும் நாட்களில் வியாபாரம் இன்னும் சூடு பிடிக்கிறது.

நானும் வாங்கியவள்தான். முதலாண்டில், தொண்டைக் கரகரப்பும் ஊர் ஏக்கமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தபோது, 150 ரூபாய் கொடுத்துப் பாம்புச்செடி ஒன்றை வாங்கி என் அறைச் சன்னலில் வைத்தேன். அன்றிரவு நன்றாக உறங்கினேன். செடி வேலை செய்கிறது என்று முதுகுளத்தூருக்குப் படம் அனுப்பினேன். அம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நம்ம கண்மாய்க் கரையிலே கெடக்கிற மருளுக்கா நூத்தம்பது ரூவா குடுத்தே?"

அம்மா சொன்னது ஏறக்குறைய சரி. பாம்புச்செடி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் மருள் அதற்கு நெருங்கிய உறவு. மருளில் நாரெடுத்துக் கயிறு திரித்தவர்கள் நம் முன்னோர். அதை எவரும் மன அமைதிக்காக வாங்கியதில்லை.

அம்மாவின் கேள்வி என்னைச் சுட்டது. இரசாயனம் படிக்கும் ஒருத்தி, பணம் கொடுக்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பணம் கொடுத்தபின் கேட்டேன். இந்தச் செடி காற்றைத் தூய்மை செய்கிறது என்பதற்குச் சான்று என்ன?

சான்று இல்லாமல் இல்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் உல்வர்ட்டன் என்னும் விஞ்ஞானி 1989-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர்களின் சங்கம் ஒன்றும் அந்த ஆய்வில் பங்கு கொண்டது. சிறிய மூடிய பெட்டிகளுக்குள் செடியை வைத்து, பென்சீன், பார்மால்டிஹைடு, டிரைகுளோரோஎதிலீன் ஆகிய வாயுக்களைச் செலுத்தினார்கள். ஒரு நாள் கழித்து அளந்தபோது வாயு குறைந்திருந்தது. இலை மட்டுமன்று, வேரைச் சூழ்ந்த மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் அவ்வேலையில் பங்கு கொண்டன. ஆய்வில் பிழையில்லை. விண்கலம் போன்ற மூடிய இடத்தில் காற்றை எப்படிக் காப்பது என்பதே அவர்கள் ஆராய்ந்த கேள்வி.

ஆனால் நாம் வாழ்வது மூடிய பெட்டியிலா? என் அறைக் கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி உண்டு. சன்னலின் ஒரு கண்ணாடி நான் வந்த நாள் முதல் இல்லை. உள்ளே இருக்கும் காற்று வெளியே போவதும், வெளிக் காற்று உள்ளே வருவதும் ஓயாமல் நடக்கின்றன. இந்தப் போக்குவரத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் செடி எவ்வளவு வேலை செய்கிறது? பிலடெல்பியாவிலுள்ள டிரெக்ஸல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வேரிங் என்னும் இருவர், முன்பு வெளிவந்த 12 ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி இதைக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக நடைபெறும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால், தரையில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

என் அறை 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம். 12 சதுர மீட்டர். ஆகவே குறைந்தது 120 தொட்டிகள், கூடினால் 12,000. அவற்றை வைத்தபின் நான் எங்கே படுப்பது என்பதைச் செடிக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இரவிலும் பிராணவாயு தரும் என்கிறார்களே, அது என்ன? பாம்புச்செடி வறண்ட நிலத்துச் செடி. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால், இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்துக் கொள்கிறது. பொழுது விடிந்ததும் ஒளியின் துணைகொண்டு அதை உணவாக்குகிறது. பிராணவாயு பிறப்பது ஒளி இருக்கும்போதுதான். இரவில் வாங்குகிறது என்ற உண்மையை இரவில் தருகிறது என்று மாற்றிவிட்டது விளம்பரம்.

இவை போகட்டும். டில்லியில் நம்மைத் துன்புறுத்துவது பென்சீன் மட்டுமன்று. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள். தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக இது 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தது. நம் நாட்டின் வரம்பு, 2009-இல் விதித்தபடி, 60. பனிக்கால டில்லியில் 100-ஐயும் 200-ஐயும் கடக்கும் நாட்கள் அரியன அல்ல. இத்துகள்கள் வாகனங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் கட்டட வேலைகளிலிருந்தும் எரியும் குப்பையிலிருந்தும் அண்டை மாநில வயல்களில் எரியும் தாளிலிருந்தும் வருகின்றன. காற்று வீசாத குளிர்நாட்களில் தரையோடு தங்கிவிடுகின்றன. இத்தனைக்கும் என் சன்னலில் இருக்கும் ஒரு தொட்டி மருந்தென்றால், ஏரி உடைப்பை உள்ளங்கையால் அடைப்பது போலத்தான்.

"போகட்டுமே, நம்பிவிட்டுப் போகிறார்கள். நம்பினால் என்ன கெட்டுவிடும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். கெடும் என்பதை நான் கண்டேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் பக்கத்து அறைக்குச் சென்ற ஆண்டு தென்காசிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி வந்தாள். பௌதிகம், முதலாண்டு. பெயரை எழுத வேண்டா, மற்றதை எழுதுங்கள் என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன். திருநெல்வேலியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி, பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் கறிவேப்பிலைக் கன்றோடு வந்தவள். இரண்டு இரவுகள் அந்த டப்பாவை மடியிலும் இருக்கையின் கீழும் மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றிக் கொண்டு வந்திருந்தாள். வந்த மறுநாளே விடுதித் தமிழர் அனைவருக்கும் அவள் பெயர் தெரிந்துவிட்டது. டில்லியில் கறிவேப்பிலைக்கு உள்ள மதிப்பு அப்படி! ஞாயிறன்று இரகசியமாக இரசம் வைக்கும் அறைகளிலிருந்து தூது வந்து இரண்டு இலை கேட்கும். சிரித்துக்கொண்டே கிள்ளித் தருவாள்.

மார்கழி வந்தது. குளிர் 5 பாகைக்கு இறங்கியது. கறிவேப்பிலை மஞ்சளித்து இலைகளை உதிர்த்துக் குச்சியாக நின்றது. ஒரு மாலை என் கதவருகில் டப்பாவோடு வந்து நின்றாள்.

"செத்துப் போச்சுக்கா."

நான் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இருந்தது. "சாகலை. குளிருக்குத் தூங்குது. தண்ணியைக் குறை, வெயில் படற இடத்துல வை" என்று தொடங்கி, வெப்ப நாட்டுச் செடிகளைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அவள் சால்வையைப் போர்த்தியபடி கேட்டுக்கொண்டு நின்றாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு செடியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு நான் என் நோட்டுக்குத் திரும்பினேன்.

நான்கு நாட்கள் கழித்து, மெஸ்ஸில் எங்களுக்கு ரொட்டி போடும் தீதி என் தட்டில் ரொட்டியை வைத்தபடி கேட்டார்: "உன் பக்கத்து அறைப் பெண் ஊருக்குப் போய்விட்டாளா? ஒரு வாரமாகக் காணோமே!"

அந்தக் கேள்வி என் நெஞ்சில் இறங்கிய விதத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அவளும் நானும் ஒரே மொழி பேசுகிறவர்கள். இரு அறைகளுக்கும் இடையே ஒரு சுவர்தான். அவளுடைய செடியின் பட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தமிழ் ஒரு சொல்லும் அறியாத, முந்நூறு பேருக்கு ரொட்டி போடும் ஒரு பெண்மணி பார்த்திருக்கிறார்.

உடனே போய்க் கதவைத் தட்டினேன். இரண்டு வாரமாக அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. இரவில் உறக்கமில்லை, பகலில் எழ முடியவில்லை. உணவு, பிஸ்கட்டும் தேநீரும். ஆனால் அலமாரியில் வரிசையாக ஐந்து புதிய தொட்டிகள்! ஒன்று மன அமைதிக்கு, ஒன்று உறக்கத்துக்கு, ஒன்று கவனத்துக்கு. வீட்டிலிருந்து வந்த மாதப் பணத்தில் பாதி அங்கே போயிருந்தது. அவள் அழவில்லை. தொட்டிகளைக் காட்டி ஒன்றுதான் கேட்டாள்: "எல்லாருக்கும் சரியாகுதுன்னு போட்டிருக்கான். இவ்வளவு வாங்கியும் எனக்கு மட்டும் ஏன்க்கா சரியாகலை?"

நண்பர்களே, நம்பினால் என்ன கெடும் என்று கேட்டவருக்கு இதுவே என் விடை. நலவாழ்வு கடையில் கிடைக்கும் என்று சொன்னவன், வாங்கியும் நலம் வராதபோது குற்றத்தை வாங்கியவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். நகரத்துக் காற்றையும் அப்படியே செய்கிறான். நகராட்சியும் அரசாங்கமும் ஆலை முதலாளியும் நாமும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய ஒன்றை, ஒரு மாணவியின் 150 ரூபாய்க் கணக்காக மாற்றிவிடுகிறான். பொதுத் துன்பத்தைத் தனி வியாபாரமாக்கும் இந்த வித்தைக்குப் பச்சை இலை ஒரு முகமூடி.

மறுநாள் காலை இருவரும் மருத்துவரிடம் போனோம். பொறுமையாகக் கேட்டார், மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். தென்காசியிலிருந்து அவள் அம்மா வந்து இரண்டு வாரம் தங்கினார். மருந்தும் உறக்கமும் அம்மாவின் கைச்சோறும் சேர்ந்து வேலை செய்தன. இதை மறைக்காமல் எழுதக் காரணம் உண்டு. உடலுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடும் நாம், மனத்துக்கு வந்தால் செடிக் கடைக்கும் கைப்பேசிக்கும் ஓடுகிறோம். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவைக்கு எண் 14416. இரவிலும் பகலிலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நம் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது நூறு தொட்டிகளுக்குச் சமம்.

தை மாதத்தில், மழை பெய்து வானம் வெளுத்த ஒரு ஞாயிறு, நாங்கள் மூவரும், அவள், அவள் அம்மா, நான், வளாகத்தை ஒட்டிய கமலா நேரு ரிட்ஜ் காட்டுக்கு நடந்தோம். ஆரவல்லி மலைத் தொடரின் வடகோடி அது. 1828-இல் கட்டிய கொடிக்கம்பக் கோபுரம் அங்கே இருக்கிறது. குரங்குகளும் ஏராளம். அம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று நின்று, "அட பாவி, நீ இங்கேயுமா வந்துட்டே!" என்றார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தோம். சீமைக்கருவேலம்! அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். இங்கே அதற்கு விலாயதி கீகர் என்று பெயர். என் மாவட்டத்தில் நிலத்தை வளைத்துக்கொண்டு நிற்கும் அதே மரம். அதை அகற்றச் சொல்லி மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை 2017-இல் உத்தரவிட்டது. இங்கோ இக்காட்டின் பெரும்பகுதி அதுதான். அதன் நிழலில் உட்கார்ந்து நாங்கள் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். தங்கை பல வாரங்களுக்குப் பிறகு அன்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மாசியில் இன்னும் சற்றுத் தொலைவு போனோம். மெட்ரோவில் காஷ்மீரி கேட்டில் வண்டி மாறி, ஜங்புரா நிலையத்தில் இறங்கி, உமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள சுந்தர் நர்சரிக்கு. புது டில்லி உருவானபோது சாலைகளிலும் தோட்டங்களிலும் நடுவதற்கு மரக்கன்றுகள் வளர்த்த இடம் அது. பழுதுபார்த்துச் செப்பனிட்டு 2018-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் இருந்தோம். பேச்சு அதிகமில்லை. அவள் கொஞ்ச நேரம் உறங்கினாள். நான் ஒரு குடும்பம் இறகுப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசுமை மனத்துக்கு நல்லதா என்று கேட்டால், நல்லதென்றே சான்றுகள் சொல்கின்றன. ஆனால் விளம்பரம் சொல்லும் வழியில் அன்று. உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியாவிலுள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினார்கள். வலுவான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

அதைவிட என்னைக் கவர்ந்தது, லாங்கர், ரோடின் என்னும் இரு பெண்மணிகள் 1976-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு பகுதியினருக்குத் தொட்டிச் செடி கொடுத்து, "இதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், உங்கள் நாளை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மற்றவர்களுக்கும் செடி உண்டு. ஆனால் தாதியர் நீரூற்றுவார்கள். மூன்று வாரம் கழித்து, பொறுப்பேற்றவர்கள் கூடுதல் உற்சாகத்தோடு இருந்தார்கள். செடியா, தம் காரியத்தைத் தாமே முடிவு செய்யும் உரிமையா, எது எவ்வளவு உதவியது என்று இதில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெளிவு. செடி இரு சாராரிடமும் இருந்தது. அதைப் பேணும் வேலை ஒரு சாராரிடம்தான் இருந்தது. செடி நமக்குச் செய்வதைவிட நாம் செடிக்குச் செய்வதில்தான் நலம் இருக்கிறது போலும்.

ஆகவே தொட்டிகளைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் பாம்புச்செடி இன்னும் சன்னலில்தான் இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டேன், அவ்வளவே. காலையில் எழுந்ததும் அதன் மண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு பக்கத்துக் கதவைத் தட்டி, "எழுந்துட்டியா, டீ குடிக்கலாமா?" என்று கேட்கிறேன். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

நம் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். பொங்கல் விழா, பட்டிமன்றம், முத்தமிழ் விழா எல்லாம் நடத்துகிறோம்; நன்று. அவற்றோடு மாதம் ஒரு ஞாயிறு ஒரு சிறு உலா வைப்போம். செலவு மெட்ரோ கட்டணமும் கட்டுச்சோறும்தான். புகை மிகுந்த நாளில் மட்டும் போக வேண்டா. அந்த நாளில் வெளியே மூச்சு வாங்க நடப்பது உடம்புக்குத் தீங்கு. அளவைப் பார்த்துவிட்டு நாளைக் குறிப்போம். இரண்டாவது, புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முந்தைய ஆண்டு மாணவர் ஒருவர், முதல் பனிக்காலம் முடியும் வரை வாரம் ஒரு முறையாவது அறைக்குப் போய் முகம் பார்த்துப் பேச வேண்டும். கைப்பேசியில் விசாரித்தால் போதாது. மூன்றாவது, நல்ல காற்றுக்காக இந்நகரத்து மாணவர்கள் கூடிக் குரல் எழுப்பும்போது, நாம் எங்கிருந்தோ வந்தவர்கள்தாமே என்று ஒதுங்காமல் நாமும் போய் நிற்க வேண்டும். இரண்டாண்டு படிக்க வந்தவர் நுரையீரலும் இந்தக் காற்றைத்தான் இழுக்கிறது.

கறிவேப்பிலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பங்குனியில் அடிக்கணுவில் துளிர்விட்டது. செடி துளிர்த்ததால் தங்கை தேறினாள் என்றோ, தங்கை தேறியதால் செடி துளிர்த்தது என்றோ எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். விஞ்ஞானம் படித்தவள் அப்படி எழுதக் கூடாது. வெயில் ஏறியது, அது துளிர்த்தது. தங்கைக்கு மருத்துவர் இருந்தார், அம்மா வந்தார், ரொட்டி போடும் தீதி கேட்டார். சென்ற வாரம் அந்தத் தீதிக்கு அவள் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டார். அடுத்த ஞாயிறு இரசம் வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு.

செடி வளர்க்க விரும்புகிறவர்கள் கடைக்குப் போக வேண்டா. என்னிடம் மணிப்பிளாண்ட் கொடி வேண்டிய மட்டும் இருக்கிறது. கணுவோடு வெட்டித் தருகிறேன், பாட்டில் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். விலை கிடையாது. நேரில் வந்து கதவைத் தட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.